தொட்டாலே தோல் உரியும் பச்சிளங்குழந்தைக்குக் காயம் கட்டுவது எப்படி

பிறந்து நாலு மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண் குழந்தைக்குக் கையில் ஊசிக்குழாய் போட்டுவிட்டு, வழக்கம்போல வெள்ளை பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டினேன். சாயங்காலம் குழாய் விலகியிருக்கிறதே என்று பிளாஸ்டரைப் பிரித்தால், அதோடு சேர்ந்து புறங்கைத் தோலும் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டு வந்துவிட்டது. அந்தக் குழந்தை பிறக்கும்போதே ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே தோலே இல்லாமல் பளபளவென்று சிவந்திருந்தது. அதைப் பார்த்தும் அந்த மருத்துவமனையில் எங்கள் யாருக்கும் என்னவென்று புரியவில்லை, பிரசவத்தில் உரசியிருக்கும் என்றுதான் நினைத்தோம். இது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் பிளாஸ்டர் ரோலைக் கையில் எடுத்தால் அந்தக் கை ஞாபகம் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் பிறந்திருந்தாலும் சரி, உங்கள் வார்டுக்கு வந்திருந்தாலும் சரி, முதல் நாளில் இருந்தே தெரிந்திருக்க வேண்டியவை இவை.

நோயின் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. மருத்துவமனையில் சுருக்கமாக ஈ.பி. என்பார்கள். நம் தோலில் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கச் சில புரதங்கள் வேலை செய்கின்றன. மரபணுவில் பிழை இருந்து அந்தப் புரதம் ஒன்று இல்லாமலோ குறைவாகவோ போனால் அடுக்குகளுக்கு நடுவே பிடிமானம் இருக்காது, லேசாக உரசினாலும் கொப்புளம் வரும், தோல் கழன்றுவிடும். எந்த அடுக்கில் பிரிகிறது என்பதைப் பொறுத்துச் சிம்ப்ளெக்ஸ், ஜங்ஷனல், டிஸ்ட்ரோஃபிக், கிண்ட்லர் என்று நாலு பெரிய வகை உண்டு. எந்த வகை என்பதைத் தோல் சதைப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும்தான் சொல்லும், குழந்தையைப் பார்த்த உடனே யாராலும் சொல்ல முடியாது. முதல் நாள் லேசாகத் தெரிவது பின்னால் கடுமையாகலாம், கடுமையாகத் தெரிந்த குழந்தை நன்றாகத் தேறியும் வரலாம். அதனால் "இது பிழைக்குமா" என்று முதல் நாளே முடிவு கட்டாதீர்கள். எந்த வகையாக இருந்தாலும் முதல் வாரத்துக் காயப் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே யோசித்துச் செய்துவிடலாம். இந்தத் தோலை நேராக அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால், தேய்த்தால் தாங்காது. உள்ளங்கையை மேலே வைத்து எடுப்பது ஒன்று, வைத்தபடியே நகர்த்துவது இன்னொன்று. குழந்தையைத் தொடும் ஒவ்வொரு முறையும், நான் இப்போது அழுத்துகிறேனா இழுக்கிறேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சில மணி நேரத்தில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று பார்ப்போம். தொப்புளில் போட்ட பிளாஸ்டிக் கிளிப் வயிற்றுத் தோலில் உரசிக் காயமாக்கும், அதை எடுத்துவிட்டு நூலால் கட்டச் சொல்லுங்கள். கையில், காலில் மாட்டும் பெயர்ப்பட்டையைக் கழற்றித் துணியிலோ தொட்டில் கம்பியிலோ மாட்டிவிடலாம். குறைமாதம், மூச்சுத்திணறல் என்று வேறு காரணம் இல்லாவிட்டால் இன்குபேட்டரும் வேண்டாம், சூடும் ஈரமும் கொப்புளத்தைக் கூட்டும். ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியில் ஒட்டும் வகை கூடாது, கிளிப் வகையாக இருக்க வேண்டும், அதையும் விரலில் சமையலறையில் உணவு மூடப் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமைச் சுற்றிவிட்டு அதன் மேல் மாட்டலாம். வாயில் சளி உறிஞ்சுவது உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும், மெல்லிய மிருதுவான குழாயில், வாசலின் தடவி.

ஏற்கெனவே பிளாஸ்டர் ஒட்டியாகிவிட்டதா? பிய்க்காதீர்கள். பிளாஸ்டரை இளக்கிக் கழற்றும் சிலிக்கோன் ரிமூவர் ஸ்பிரே கிடைத்தால் அது, இல்லையென்றால் வெள்ளை வாசலினும் லிக்விட் பாரஃபினும் சம பங்கு கலந்ததை ஓரத்தில் தாராளமாகத் தடவிக் காத்திருங்கள், ஊற ஊறச் சுருட்டிக்கொண்டே போங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அது முடியவில்லையா, ஒட்டாமல் இருக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துவிடுங்கள், தோலில் ஒட்டிய துண்டு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், தானாக விழும்.

தூக்குவது இன்னொரு பெரிய விஷயம். நாம் எல்லோரும் குழந்தையை அக்குளில் கை கொடுத்துத்தான் தூக்குவோம், கை தன்னால் அங்கே போய்விடும். இந்தக் குழந்தைக்கு அது கூடவே கூடாது, அக்குளில் இரண்டு பக்கமும் உரிந்துவிடும். மெத்தென்ற ஒரு சின்ன மெத்தையிலோ மடித்த போர்வையிலோ குழந்தையைப் படுக்க வைத்து, மெத்தையோடு தூக்கிக் கொடுப்பதுதான் முதல் நாட்களுக்கு நல்லது. வெறும் கையால் தூக்கியாக வேண்டுமானால், முதலில் குழந்தையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையைப் பின்கழுத்துக்கும் இன்னொரு கையைப் பிட்டத்துக்கும் கீழே விரித்து வைத்து, குழந்தையைக் கையின் மேல் திரும்பச் சாய்த்து, அப்புறம் நேராக மேலே தூக்குங்கள். கையைக் குழந்தைக்கு அடியில் நுழைத்து நுழைத்துத் தள்ளக் கூடாது, அந்தத் தள்ளலில்தான் தோல் போகும். மோதிரம், வளையல், வாட்ச், நீண்ட நகம் எதுவும் வேண்டாம். அம்மா பயந்துபோய்த் தொடாமலே இருப்பார், "நான் தொட்டா செத்துருமா சிஸ்டர்" என்று என்னிடம் கேட்ட அம்மாவை எனக்குத் தெரியும். மெத்தையோடு மடியில் வைத்துக் கொடுங்கள், அன்றைக்கே கொடுங்கள்.

கொப்புளத்துக்கு வருவோம். தீக்காயக் கொப்புளத்தை உடைக்காதே என்று எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம், அதனால் இங்கே பலரும் தயங்குவார்கள். ஈ.பி. கொப்புளம் அப்படி இல்லை. பக்கத்தில் பிடிமானம் இல்லாததால் உள்ளே நீர் சேரச் சேர அது ஓரத்தைப் பிளந்துகொண்டு பரவும், காலையில் பட்டாணி அளவில் இருந்தது ராத்திரிக்குள் உள்ளங்காலையே பிடித்துவிடும். அதனால் சின்னதாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். புதிதாகப் பிரித்த கிருமி நீக்கிய ஊசியை, தோலுக்குப் படுக்கை வாட்டில், கொப்புளத்தின் தாழ்ந்த பக்கத்தில் நுழைத்து எதிர்ப்பக்கமாக வெளியே எடுங்கள், இரண்டு ஓட்டை விழும், ஓட்டை இரண்டாக இருந்தால் உடனே மூடிக்கொள்ளாது. அப்புறம் மிருதுவான காஸ் துணியை மேலே வைத்து நேராக அழுத்தி நீரை வெளியேற்றுங்கள், துடைக்காதீர்கள். மேலே இருக்கும் தோல் கூரை அப்படியே இருக்கட்டும், அதுதான் குழந்தைக்குச் சொந்தமான கட்டு, அதைக் கத்தரித்து எடுத்தால் எரிச்சல் தாங்காது. மருத்துவமனையை விட்டுப் போவதற்குள் அம்மா அல்லது அப்பா யாராவது ஒருவர் இதைச் செவிலியர் முன்னால் நாலைந்து தடவை செய்து பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வீட்டில் தினமும் செய்ய வேண்டியிருக்கும்.

இனி கட்டுப் போடுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கட்ட, ஒருவர் குழந்தையைப் பிடித்துச் சமாதானப்படுத்த. ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள், அறை கதகதப்பாக இருக்கட்டும். வலி மருந்தை மருத்துவர் எடைக்குத் தகுந்தாற்போல எழுதியிருப்பார், அதைச் சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தெரியும். கொஞ்சம் தாய்ப்பால் குடித்திருந்தால் இன்னும் நல்லது. எல்லாத் துண்டுகளையும் அளவெடுத்து வெட்டித் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்ட பிறகுதான் பழைய கட்டைத் தொட வேண்டும், பாதியில் கத்தரிக்கோலைத் தேடி ஓடினால் அவ்வளவு நேரமும் காயம் திறந்து கிடக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு கை அல்லது ஒரு காலை மட்டும் பிரியுங்கள். மொத்தமாகப் பிரித்துவிட்டுக் கட்டலாம் என்று நினைத்தால் குழந்தை குளிர்ந்துபோகும், அதைவிட, கட்டில்லாத இரண்டு காலும் ஒன்றையொன்று உதைத்துக்கொள்ளும். அழுதுகொண்டு உதைக்கும்போது ஒரு குதிகால் மறுகாலின் முன்பக்கத்தைத் தேய்த்து, கண் முன்னாலேயே தோல் வழுக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலை முழுதாகக் கட்டி முடித்த பிறகு அடுத்ததைத் திறங்கள்.

ஒட்டிக்கொண்ட பழைய கட்டை இளஞ்சூடான நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) ஊற்றி ஊற வைத்து எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 100 மில்லி பாட்டில் போதும், திறந்ததை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். காயத்தின் மேல் முதலில் வைப்பது ஒட்டாத பொருளாக இருக்க வேண்டும். மெபிடெல் மாதிரி சிலிக்கோன் வலைகள், மெபிலெக்ஸ் மாதிரி ஃபோம், உர்கோடூல் இவையெல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் விலை அதிகம், வாரத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டால் பல குடும்பங்களுக்குத் தாங்காது. அப்படியென்றால் வாசலின் தோய்ந்த துணியான பாரஃபின் காஸ் இருக்கிறது. அது காய்ந்தால் ஒட்டும், அதனால் மேலே இன்னும் ஒரு படலம் வாசலின் தடவி, கொஞ்சம் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். காயத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டராவது மூடும்படி வெட்டுங்கள். அதன் மேல் உறிஞ்சும் மெத்தென்ற ஒரு அடுக்கு, அதன் மேல் மிருதுவான ரோல் பேண்டேஜ், கால் விரலில் இருந்து மேல் நோக்கி, இறுக்காமல். முடிச்சு வேண்டாம். பிளாஸ்டர் ஒட்டித்தான் நிறுத்த வேண்டுமென்றால் அதைக் கட்டுத் துணியின் மேல் மட்டும் ஒட்டுங்கள், ஒரு நூலிழைகூடத் தோலில் படக் கூடாது.

விரல்களை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு விரலுக்கும் இடையில் ஒட்டாத கட்டுத் துணியை மெல்லிய நாடாவாக வெட்டி வளைத்து விட வேண்டும். பக்கத்துப் பக்கத்து விரல்கள் இரண்டிலும் புண் இருந்து சேர்த்து மூடிவிட்டால், ஆறும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆறும். டிஸ்ட்ரோஃபிக் வகையின் கடுமையான வடிவத்தில் வருஷக் கணக்கில் விரல்கள் எல்லாம் சேர்ந்து விரல் பிரியாத கையுறை போட்ட மாதிரி ஆகிவிடும் அபாயம் உண்டு, அதைத் தள்ளிப்போடும் வேலை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும், பத்து விரலுக்கும் பொறுமை வேண்டும்.

வாழை இலையைப் பற்றிப் பாட்டிமார்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. மும்பையில் மருத்துவர்கள் தீக்காயங்களுக்கு வாழை இலைக் கட்டை முறையாகப் பரிசோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள், இலையின் மெழுகுப் பரப்பு காயத்தில் ஒட்டுவதில்லை, விலையும் மிகக் குறைவு. ஆனால் அங்கே பயன்படுத்தியது மருத்துவமனையின் ஆட்டோகிளேவில், அதாவது நீராவியால் கிருமி நீக்கும் கருவியில், கிருமி நீக்கிய இலை. தோட்டத்தில் வெட்டித் தண்ணீரில் அலசிய இலையைப் பச்சைக் குழந்தையின் திறந்த காயத்தில் வைக்காதீர்கள். உங்கள் மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் செய்து தர முடியுமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

எதைப் போடக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். பச்சிளங்குழந்தையின் உரிந்த தோல் மருந்தைக் குடித்துக்கொள்ளும், தடவுவது எல்லாம் ரத்தத்துக்குப் போகும். போவிடோன் அயோடினைப் பெரிய பரப்பில் தொடர்ந்து போட்டால் அயோடின் உள்ளே போய்த் தைராய்டைப் பாதிக்கும். தீக்காயத்துக்கு எல்லோரும் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, முதல் இரண்டு மாதத்துக்குக் கூடவே கூடாது, அதில் இருக்கும் சல்ஃபா மஞ்சள் காமாலையை மூளைக்கு ஆபத்தாக ஆக்கலாம். போரிக் பவுடர், ஸ்பிரிட், மஞ்சள் தூள், விளக்கெண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். ஆன்டிபயாடிக் களிம்பை மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்கு மட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு வரும் சிக்கல்கள் வேறு மாதிரி, பெரும்பாலும் அன்பால் வருபவை. எண்ணெய் தேய்த்து, காலில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, கை காலை நீவிக் குளிப்பாட்டுவது இந்தக் குழந்தைக்குக் கிடையாது. பிறந்தபோது இருந்த காயங்கள் ஆறும்வரை குளியலே வேண்டாம், பிறகு மருத்துவர் சொன்னால் உப்புத் தண்ணீரில் வைக்கலாம், 10 லிட்டர் தண்ணீருக்கு 90 கிராம் உப்பு போட்டால் உடம்பு நீரின் அளவுக்கு வரும், எரியாது. தூளி வேண்டாம், துணி உடம்பைச் சுற்றி இறுக்கித் தேய்த்துக்கொண்டே ஆடும். அரைஞாண் கயிறு, வசம்பு வளையல், கொலுசு, காப்பு எதுவும் கட்டாதீர்கள், கண்ணேறு பற்றி மனசு கேட்கவில்லை என்றால் கயிற்றைத் தொட்டில் கம்பியில் கட்டிவிடுங்கள், பல பாட்டிமார்கள் இதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். சேனை வைக்கிறேன் என்று நாக்கில் விரலையோ தேனையோ வைக்க வேண்டாம், விரல் பட்டால் வாய்க்குள்ளும் கொப்புளம் வரும், தேன் எந்தப் பச்சைக் குழந்தைக்கும் ஆகாது. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள், தையல் தோலில் உரசாது. முன்பக்கம் முழுதும் திறக்கிற சட்டையாக இருக்கட்டும், தலை வழியாக மாட்டுவது வேண்டாம். டயபர் போட்டால் கால் பக்க எலாஸ்டிக்கைக் கத்தரித்துவிட்டு உள்ளே மிருதுவான துணி விரித்துப் போடுங்கள், மலத்தைத் தேய்த்துத் துடைக்காமல் அந்த வாசலின்-பாரஃபின் கலவையைப் பஞ்சில் தோய்த்து ஒற்றி ஒற்றி எடுங்கள்.

பால் விஷயத்தில் முடிந்தவரை தாய்ப்பாலையே கொடுங்கள், நேரடியாகவே குடிக்க முடிகிற குழந்தைகள் உண்டு. குழந்தையின் உதட்டிலும் கன்னத்திலும், அம்மாவின் மார்பிலும் வாசலின் தடவிவிட்டால் முகம் உரசிப் புண்ணாவது குறையும். பாலாடையில் கொடுத்தால் பாலாடையின் மூக்கு நுனியைக் குழந்தையின் உதட்டின் ஓரத்தில் லேசாகத் தொட வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஈறில் அழுத்தாதீர்கள். இந்தக் குழந்தைக்கு மற்ற குழந்தைகளைவிட அதிக சத்து வேண்டும், காயம் வழியாக நீரும் புரதமும் போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் எடையை அடிக்கடி பாருங்கள்.

பால் குடிக்க மறுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிட்டிருக்கிறது, காயத்தில் நாற்றம், பச்சை நிறக் கசிவு, சுற்றிலும் சிவப்பு பரவுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குரல் கம்மி அழுவது, மூச்சு விடும்போது கர்ரென்று சத்தம் வருவது தொண்டைக்குள் கொப்புளம் இருப்பதற்கு அடையாளம், அது இன்னும் அவசரம், 108-ஐக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறக்காமல் சிவந்து நீர் வடிந்தால் கருவிழியில் உரசல் இருக்கலாம். பிறந்த நாளிலிருந்தே குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால் இரைப்பை வாசல் அடைப்பு இருக்கிறதா என்று அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும், சில வகைகளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

பிறவியிலேயே தோல் குறையோடு பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது, இதையும் சொல்லியாக வேண்டும். உச்சந்தலையில் மட்டும் காசு அளவுக்குத் தோலில்லாமல், உடம்பில் வேறெங்கும் கொப்புளம் இல்லாமல் பிறந்தால் அது பெரும்பாலும் அப்ளேசியா கியூட்டிஸ். சின்னதாக இருந்தால் காயவிடாமல் ஈரப்பதமாக மூடி வைத்தாலே சில வாரங்களில் ஆறிவிடும், அந்த இடத்தில் முடி மட்டும் முளைக்காது. பெரியதாக இருந்தால் அடியில் எலும்பும் இல்லாமல் இருக்கலாம், பொருக்கு காய்ந்து வெடித்தால் அடியில் இருக்கும் பெரிய ரத்த நாளத்திலிருந்து ரத்தம் கொட்டும், ஆகவே உடனே ஸ்கேனும் அறுவை மருத்துவரும். உடம்பு முழுதும் மெழுகுத் தாள் ஒட்டின மாதிரி பிறக்கும் கொலோடியன் குழந்தைக்கோ நான் மேலே சொன்னதற்கு நேர் எதிராக ஈரப்பதமுள்ள இன்குபேட்டர் வேண்டும். அதனால்தான் தோல் மருத்துவர் சீக்கிரம் பார்க்க வேண்டும் என்கிறேன். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. மாதிரி பெரிய இடங்களுக்குப் போக முடிந்தால் போங்கள். 1978-இல் இங்கிலாந்தில் இந்தக் குழந்தைகளின் பெற்றோருக்காகத் தொடங்கிய டெப்ரா அமைப்புக்கு இந்தியாவிலும் கிளை இருக்கிறது.

கிரகணத்தில் வெளியே போனாயா, எதைத் தின்றாய் என்று அம்மாவைக் கேட்பவர்களை அறையை விட்டு வெளியே அனுப்புங்கள். இது அவர் செய்த எதனாலும் வரவில்லை. பல வகைகளில் அப்பா அம்மா இருவருமே தங்களுக்குத் தெரியாமல் ஒரே மரபணுவில் ஒரு பிழையைச் சுமந்துகொண்டிருப்பார்கள், சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-இல் 1 வாய்ப்பு, அடுத்த குழந்தைக்கு முன்னால் மரபணு ஆலோசனை எடுத்துக்கொண்டால் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பரிசோதிக்க முடியும். டிஸ்ட்ரோஃபிக் வகைக்குக் காயத்தில் தடவுகிற மரபணு மருந்து ஒன்றை அமெரிக்கா 2023 மே மாதம் அனுமதித்தது. அதை எட்டிப் பிடிக்க நம் குடும்பங்களால் இப்போது முடியாது, ஆனாலும் எந்த வகை என்று தெரிந்து வைத்துக்கொள்வதற்கு அது இன்னொரு காரணம்.

தடுப்பூசி எல்லாம் போடலாம், தொடையில் போடும் ஊசியும் போடலாம். ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், போட்ட பிறகு பிளாஸ்டர் ஒட்டக் கூடாது, நேராக அழுத்திப் பிடித்தால் போதும். எல்லா நர்ஸுக்கும் இது தெரிந்திருக்காது, எனக்கே தெரியாமல்தானே இருந்தது. அதனால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தையின் பையில் மேலாகத் தெரிகிற மாதிரி மாட்டிவிடுங்கள்: "எனக்கு ஈ.பி. தோல் நோய். பிளாஸ்டர் ஒட்டாதீர்கள். தேய்க்காதீர்கள். அக்குளில் தூக்காதீர்கள். முதலில் அம்மாவைக் கேளுங்கள்."